சட்டை போட்டுக்கொண்டு குதித்தவன்

அன்று காலை ஒன்பது மணிக்கு ராசையா கடலில் குதித்தான். குதித்த இடம் ராயபுரம் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சு. நீச்சல் தெரியாதவன் குதிப்பதற்கு அதைவிடத் தோதான கடல் கிடையாது. ஆனால் எந்தக் கடலிலும் ஒரு பாறை இருக்கும். இந்தக் கடலில் அது பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்த ஏட்டு பக்தவச்சலம்.

கிளாஸ் தரையில் விழவில்லை. டீ மட்டும் ஏட்டையாவின் காக்கி அரைக்கால் சட்டையில் விழுந்து, இரண்டு தொடைகளுக்கும் சமமாகப் பரவியது.

“இன்னாடா இது?”

“டீ, ஏட்டையா. சக்கரை கம்மி.”

“எதுக்குடா குதிச்சே?”

நியாயமான கேள்வி. ராசையா துப்பறியும் அத்தாவுல்லா சாயபுவின் உதவியாளன். இருபத்தொன்பது வயது. துப்பறிவதில் அவனுடைய பங்கு பாயின் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது. மழை வந்தால் குடையைப் பாயிடம் கொடுத்துவிட்டுத் தான் நனைவது. மற்ற நேரத்தில் அவன் பேசுவான். ஏட்டையாவின் முகத்தில் கோபம் கொதி வருவதற்குள் அவரைச் சிரிக்க வைத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

“நான் குதிக்கல, ஏட்டையா. பொன்னுரங்கம் குதிச்சான். அதைத்தான் இவங்களுக்கு நடிச்சிக் காட்டிகினு இருந்தேன். காலைல ஏழு மணிக்கு நான் கரையில நிக்கிறேன். அலைக்கு அப்பால கட்டுமரத்துல பொன்னுரங்கமும் லட்சுமணனும் வலை இழுத்துகினு கீறாங்க. ரெண்டு பேரும் கோவணம். திடீர்னு பொன்னுரங்கம் வலைய வுட்டுட்டு நிமிர்ந்து கரையைப் பார்க்கறான். எங்கேர்ந்தோ ஒரு வேட்டி எடுத்துக் கட்றான். சட்டை எடுத்து மாட்டறான். பொத்தானெல்லாம் போடறான், ஏட்டையா, கழுத்துப் பொத்தான் வரைக்கும். போட்டுட்டுத் தொபுக்குனு குதிச்சிட்டான்.”

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். ஏட்டையாவும் சிரித்தார். கடலில் குளிக்கப் போகிறவன் சட்டையைக் கழற்றுவான். போட்டுக்கொள்கிறவனை அவர் தம் சர்வீஸில் பார்த்ததில்லை.

“அப்புறம்?”

“நீந்திகினு வந்தான். படகுங்களுக்குப் பின்னால கரை ஏறினான். அப்புறம் ஆளைக் காணோம்.”

ஏட்டையாவின் சிரிப்பு பாதியில் நின்றது. வாய் மட்டும் இன்னும் மூடவில்லை. பிறகு அதுவும் மூடியது.

“முந்தாநாள் ஒரு கப்பல்லேர்ந்து கடத்தல் கைக்கடியாரப் பொட்டலத்தை எண்ணெய்த்துணியில சுத்திக் கடல்ல போட்டுட்டாங்க,” என்றார் மெதுவாக. “எவனோ கட்டுமரக்காரன் பொறுக்கிட்டான். நனையப் போற சட்டைய எவன்டா போடுவான்? உள்ள எதையாவது வெச்சு மறைக்கணும்னா போடுவான்.”

“ஏட்டையா, அவன் அப்படிப்பட்ட ஆளு இல்ல.”

“சாயங்காலம் ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் வராரு. அதுக்குள்ள ஆள் வரலைன்னா கட்டுமரத்தைத் தூக்கிட்டுப் போவோம். ஆள் கெடைச்சா ஆளை.”

ஏட்டையா ஈரத்தோடு எழுந்து போனார். ராசையா பெஞ்சில் உட்கார்ந்தான். பொன்னுரங்கத்துக்கு இந்த உலகத்தில் இருந்த சொத்து இரண்டு: ஒன்று அந்தக் கட்டுமரம், மற்றொன்று தங்கை நீலா. நீலா மீனவர் சந்தில் ஆப்பக்கடை போட்டிருந்தாள். மூன்று வருஷமாக ராசையா தினமும் அங்கே ஆப்பம் தின்று வருகிறான். அதில் பாதி ஆப்பம் பசிக்காகத் தின்றதில்லை.

*

சோடா கம்பெனி மாடியில் இருந்தது அத்தாவுல்லா துப்பறியும் நிலையம். சாயபு சுங்க இலாகாவில் இருபது வருஷம் பெட்டிகளைச் சோதனை போட்டவர். ராசையா சொல்லி முடிக்கும்வரை வேர்க்கடலையை உடைத்து, தோல்களை மேஜையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நாக்கை வீட்டுல வெச்சுட்டு வான்னு எத்தனை தடவை சொல்றது?”

“வூட்ல வெச்சா பசிக்குதுன்னு அழுவுது, பாய்.” சொன்ன பிறகு ராசையாவுக்கே சிரிப்பு வரவில்லை. “பாய், பொன்னுரங்கம் திருடுவானா?”

“எல்லாரும் குதிச்சதையே பேசுறீங்க,” என்றார் சாயபு. “கட்டுமரத்துல சட்டை எங்கேர்ந்து வந்தது?”

ராசையா கேட்டதற்கு அது பதில் இல்லை. பாயிடம் எதைக் கேட்டாலும் திரும்பி வருவது இன்னொரு கேள்விதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் கேள்வி சரி. கோவணத்தோடு போய்க் கோவணத்தோடு வருகிற தொழில். நாலு கட்டையைச் சேர்த்துக் கட்டிய மரத்தில், அலை தினமும் ஏறி இறங்கிப் போகிற இடத்தில், காய்ந்த சட்டைக்கு என்ன வேலை?

“குடையை எடு,” என்றார் சாயபு.

*

நீலா ஆப்பச் சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

“உங்க அண்ணன் எங்க?” என்றான் ராசையா.

“கடல் பக்கம் போனான்.”

“கடல்லேர்ந்து வந்துட்டான்.”

“அப்ப கரைப்பக்கம் போயிருப்பான்.”

“நீலா, வெளையாட்டு இல்ல. எங்கன்னு சொல்லு.”

“தேங்காப்பால் வேணுமா?”

மூன்று வருஷத்தில் அவன் எதைக் கேட்டாலும் நீலா இப்படித்தான் தேங்காய்ப்பாலுக்கு வந்து சேருவாள். ஒரு தடவை, போன பொங்கலுக்கு, “என்னைக் கட்டிக்கினா உனக்கு ஒரு கிராக்கி கொறையும், எனக்கு ஆப்பக் கடன் மிச்சம்” என்று தமாஷாகக் கேட்டுப் பார்த்தான். அன்று இரண்டு கரண்டி தேங்காய்ப்பால் விழுந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியாது.

அவன் நடந்ததைச் சொன்னான். ஏட்டையா, பொட்டலம், ஆறு மணி. கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது தன் நாக்குதான் என்பதையும் சொன்னான். நீலாவின் கை நின்றது. சட்டியில் ஆப்பத்தின் ஓரம் கருகியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“கட்டுமரத்தைப் பார்த்தியா?” என்றாள் கடைசியில். “பின்பக்கம் ஒரு டின்னு கட்டிக் கீது. அதைப் பாரு.”

சந்தின் முனை திரும்பியதும் சாயபு நின்றார். “அந்தப் பொண்ணுக்கு அண்ணன் இருக்கிற இடம் தெரியும்.”

“எப்படி, பாய்?”

“பசியோட வரப்போற அண்ணனுக்கு நாலு ஆப்பம் எடுத்து மூடி வைப்பா. ஒண்ணுகூட மூடி வைக்கல. எங்கேயோ சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்னு தெரியுது. சொல்ல முடியாதபடி யாரோ வாயைக் கட்டியிருக்காங்க.”

*

லட்சுமணன் கரையில் ஒற்றை ஆளாக வலையை உதறிக்கொண்டிருந்தான். கூட்டாளி பாதியில் விட்டுப்போன கோபம் ஒவ்வொரு உதறலிலும் தெரிந்தது.

டின், மூடி போட்ட பழைய பிஸ்கோத்து டின். மூடியைச் சுற்றித் தார் பூசி, கயிறு போட்டுக் கட்டுமரத்தோடு கட்டியிருந்தது. சாயபு திறந்து முகர்ந்து பார்த்தார். அந்துருண்டை வாசனை.

“எத்தனை நாளா இருக்கு?”

“ரெண்டு வருசமா. நாங்க கடலுக்குப் போன அத்தினி நாளும் கூடவே வந்துது. உள்ள ஒரு வேட்டி, ஒரு சட்டை. இஸ்திரி போட்டது. வாரத்துக்கு ஒரு தபா துவைச்சு மாத்துவான். நான் கேலி பண்ணாத நாள் கெடையாது.”

“எதுக்குன்னு கேக்கலையா?” என்றான் ராசையா.

“கேட்டேன். கடல்ல யாரை எப்ப பாப்போம்னு சொல்ல முடியுமான்னான்.”

இன்று யாருமே நேராகப் பதில் சொல்வதில்லை என்று விரதம் எடுத்திருக்கிறார்கள் போல என்று ராசையா நினைத்துக்கொண்டான். டின்னின் அடியில் ஒரு காகிதம் மடித்துக் கிடந்தது. பிரித்தான். தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. ஆறே எழுத்து. முதல் எழுத்து தூண்டில் முள் மாதிரி, அடுத்தது கிண்ணம் மாதிரி, கடைசி எழுத்து வாலைச் சுருட்டிய நாய் மாதிரி.

“பாய், கடத்தல்காரன் குறி. ஏட்டையா கண்ணுல பட்டா பொன்னுரங்கம் கதை முடிஞ்சுது.”

சாயபு காகிதத்தைத் திருப்பினார். “பின்பக்கம் சர்ச்சுல ஞாயித்துக்கிழமை ஆராதனை நேரம் அச்சடிச்சிருக்கு. கடத்தல்காரங்களுக்கு இவ்வளவு பக்தி இருக்காது.”

*

பாதிரியார் அருள்பிரகாசம் ஐயர் வேதக்கோயிலை ஒட்டிய வீட்டில், ஐந்து அகராதிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வேதாகமத்தின் தமிழைத் திருத்திப் பார்க்கிற குழு ஒன்றில் அவர் அங்கத்தினர். காகிதத்தைப் பார்த்ததும், காணாமல்போன பிள்ளையைக் கண்டது போல முகம் மலர்ந்தார்.

“என் கையெழுத்துதான். கும்னோஸ். கிரேக்க வார்த்தை.”

“அதுக்கு இன்னா அர்த்தம், ஐயரே?” என்றான் ராசையா.

“கலிலேயாக் கடலுக்குப் போகணும், தம்பி.”

ராசையா சாயபுவைப் பார்த்தான். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் இவர் இரண்டாயிரம் வருஷம் பின்னால் கூட்டிப்போகிறார். சாயபு ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இயேசு ஆண்டவருடைய சீஷர் பேதுரு படகிலே மீன் பிடிக்கிறார். கரையிலே ஒருவர் நிற்கிறார். நிற்கிறது ஆண்டவர்னு கூட இருக்கிறவர் சொல்றார். உடனே பேதுரு மேலாடையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார். ஏன் கட்டணும்? அதுவரைக்கும் அவர் கும்னோஸா இருந்தார் என்கிறது வேதம். அகராதியில் முதல் அர்த்தம் அம்மணம். எங்க குழுவிலே ஒருத்தர் அப்படியே போடலாம் என்கிறார். இன்னொருத்தர், ஒரு அப்போஸ்தலரைப் பத்தி அப்படி எழுதினால் தாம் ராஜிநாமா செய்வேன் என்கிறார். மூணு வாரமா இதே சண்டை.”

“பொன்னுரங்கம் எங்கே வந்தான்?” என்று கேட்டார் சாயபு.

“அவனைத்தான் கூப்பிட்டுக் கேட்டேன். கடலில் பிழைக்கிறவனுக்குத் தெரியுமே. அஞ்சு நிமிஷம் சிரித்தான். ‘அம்மணமா இன்னா அம்மணம், ஐயரே. அவரு வேலையில கீறாரு. கோவணம் இருந்திருக்கும். மேல துணி இல்ல, அவ்ளோதான். நாங்க தினம் அப்படித்தான் கீறோம். கரையில நிக்கிறது பெரிய மனுசன்னு தெரிஞ்சுது, துணியக் கட்டினாரு. மருவாதி’ என்றான். அகராதியின் அடிக்குறிப்பில் போய்ப் பார்த்தேன். சரியாக இருந்தது. மேலாடை இல்லாமல் உள்ளாடையோடு இருக்கிறவனையும் அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். அஞ்சு அகராதி மூணு வாரம் செய்ததை அவன் ஒரு மூச்சில் செய்துவிட்டான். வார்த்தையை எழுதித் தரச் சொன்னான், கொடுத்தேன்.”

“அவன் சட்டை போட்டுகினு குதிச்சது உங்களைப் பார்க்கவா?”

“எனக்காகவா? என் எதிரே அவன் கோவணத்தோடு நின்று மீன் விலை பேசுவான்.” ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். “போகும்போது ஒண்ணு சொன்னான். ‘நானும் ஒரு தபா அந்த மாதிரியே ஒருத்தங்க எதிர்ல போய் நின்னுட்டேன், ஐயரே. பேதுருவுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. ரெண்டு வருசம் போச்சு’ என்றான். யார் எதிரே என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.”

*

கோயில் படியில் சாயபு உட்கார்ந்தார். கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை.

“ராசையா, காலையில கரையில நின்னு என்னென்ன ஜோக் அடிச்சே?”

“ஜோக்கா?”

“வரிசையா சொல்லு. சாட்சி சொல்ற மாதிரி. சிரிக்காம.”

இதுவரை யாரும் ராசையாவின் ஜோக்குகளைத் திரும்பக் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“மொதல்ல ஐஸ்காரன்கிட்ட, உன் ஐஸு உன் பொண்டாட்டிய விடச் சூடா கீதுன்னேன். அவன் அடிக்க வந்தான். அப்புறம் ஒரு நாய்கிட்ட ஒண்ணு சொன்னேன்.”

“அடுத்து.”

“குப்பம்மாக்கா நின்னுகினு இருந்தாங்க. ‘இன்னாக்கா, உன் கூடைய எந்த மீனு தூக்கினு போச்சு’ன்னேன். அவங்க சிரிக்கல. அதனால அந்த ஜோக்கை மறந்துட்டேன்.”

சாயபு எழுந்து நின்றார்.

குப்பம்மாவை அந்தக் கரையில் தெரியாதவர்கள் இல்லை. மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கிற விதவை. அவளுக்குக் கோவிந்தம்மா என்று ஒரு மகள். குப்பம்மாவின் தலையில் சும்மாடும் அதன்மேல் கூடையும் இல்லாமல் அந்த மணலில் அவளை யாரும் பார்த்ததில்லை. மணலில் படகு இருப்பது போலக் குப்பம்மா தலையில் கூடை. அதனாலேயே யாரும் அவளைக் கவனிப்பதில்லை.

“கூடை இல்லைன்னா மீன் வாங்க வரல,” என்றார் சாயபு. “வேலையில இருந்தா அவனுக்குச் சட்டை இல்லை, அவளுக்குக் கூடை உண்டு. இன்னைக்கு அவள் கூடையை இறக்கி வெச்சுட்டு வந்து நின்னா. அதைப் பார்த்து அவன் சட்டையைப் போட்டான். ரெண்டு பேரும் வேலையை விட்டுட்டு உறவு பேச வந்திருக்காங்க. அதுல நீ ஒருத்தன்தான் சாட்சி. அதையும் ஜோக்கா அடிச்சு வீணாக்கிட்டே.”

குப்பம்மாவின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள். தாயும் மகளும் எண்ணூரில் கோவிந்தம்மாவின் பெரியப்பா மாரியப்பன் வீட்டுக்குப் போயிருக்கிறார்களாம். தாயோடு கூட, சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு ஒரு ஆளும் போனானாம்.

*

எண்ணூர் பாசஞ்சர் வண்டியில் இடம் தேடி உட்கார்ந்தால், எதிர்ப் பலகையில் ஏட்டு பக்தவச்சலம். அரைக்கால் சட்டையில் டீக்கறை காய்ந்து வரைபடம் போல் இருந்தது.

“காலையிலேர்ந்து உங்க பின்னாலதான் வரேன், சாயபு. நீங்க தேடிக் குடுத்தா எனக்குச் சிரமம் மிச்சம்.”

கட்டுமரத்திலிருந்து அவிழ்த்து எடுத்து வந்த டின்னைச் சாயபு அவரிடம் நீட்டினார். லட்சுமணன் சொன்னதையும் சொன்னார். “முகர்ந்து பாருங்க. முந்தாநாள் வந்த பொட்டலத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே அந்துருண்டை போட்டுச் சட்டை வெச்சிருக்கான். அவ்வளவு முன்யோசனை உள்ளவனை நீங்க பிடிக்க முடியாது, ஏட்டையா.”

ஏட்டையா முகர்ந்தார். யோசித்தார். “ஆனாலும் ஆளைச் சோதனை போடாம எழுத முடியாது. சட்டை மேல கை வெச்சே ஆகணும்.”

“பொண்ணு வூட்டுப் பெரியவங்க எதிர்லயா?” என்றான் ராசையா.

“எங்க இருந்தா இன்னா?”

ராசையா சன்னலுக்கு வெளியே பார்த்தான். உப்பளங்கள் பின்னால் ஓடின. போலீஸ் தடவிப் பார்த்த மாப்பிள்ளைக்கு எந்தக் குப்பத்தில் பெண் கொடுப்பார்கள்? இரண்டு வருஷம் இஸ்திரி போட்டு வைத்திருந்ததை ஒரு டீ கிளாஸ் கவிழ்த்துவிடும். அந்த கிளாஸைத் தட்டியது இவன் கை.

*

மாரியப்பன் வீட்டு வாசலில் பாய் விரித்து எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே பொன்னுரங்கம். சட்டை உடம்பிலேயே காய்ந்து, உப்புப் பூத்து, கடலே கஞ்சி போட்டது மாதிரி விறைப்பாக நின்றது. கழுத்துப் பொத்தான் இன்னும் போட்டபடியே இருந்தது.

காக்கியைக் கண்டதும் பேச்சு நின்றது. குப்பம்மாவின் முகம் வெளுத்தது. மாரியப்பன் எழுந்தார்.

“போலீஸு எதுக்கு வந்துகீது?”

ஏட்டையா வாயைத் திறந்தார். ராசையாவின் நாக்கு முந்திக்கொண்டது. காலையிலிருந்து அது செய்த வேலைக்கு இப்போதாவது கூலி கொடுக்கட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

“போலீஸா? யாரு போலீஸு? இவரு மாப்பிள்ளைக்கு மாமன் முறை. டூட்டியிலேர்ந்து அப்படியே ஓடியாந்துட்டாரு, துணி மாத்த நேரமில்ல. தோ பாருங்க, சேதி கேட்டதும் டீ கூட முழுசா குடிக்கல. மேலயே ஊத்திக்கினாரு.”

எட்டுப் பேரும் டீக்கறையைப் பார்த்தார்கள். அதைவிட நல்ல அத்தாட்சி எந்தக் கோர்ட்டிலும் தாக்கல் ஆகியிருக்காது.

ஏட்டையா ராசையாவைப் பார்த்தார். சாயபுவைப் பார்த்தார். பிறகு பாயின் ஓரத்தில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்த கோவிந்தம்மாவைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் ஒருத்தி உண்டு. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் போனார்.

“மாப்ளே,” என்று பொன்னுரங்கத்தைக் கட்டிப்பிடித்தார்.

நீளமான அணைப்பு. முதுகு, விலா, இடுப்பு, சட்டைப்பை எல்லா இடத்திலும் பாசத்தைக் காட்டினார். வேட்டி மடிப்பைக்கூட விடவில்லை. பொன்னுரங்கத்துக்குத் தனக்கு இப்படி ஒரு மாமன் இருப்பது அன்றுதான் தெரிந்தது. கையில் ஒட்டிய உப்பைத் தட்டிக்கொண்டே ஏட்டையா பாயில் உட்கார்ந்து, “தங்கமான பையன்,” என்று சொல்லி, வெற்றிலைத் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். இழுக்கும்போது எட்டுப் பேர் மணிக்கட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். யாரும் கடிகாரம் கட்டியிருக்கவில்லை.

“இவருக்கு ரெண்டு வருசம் முன்னயே குடுத்திருக்கலாமே, குப்பம்மா?” என்றார் சாயபு, ஒன்றும் தெரியாதவர் போல.

“எப்படிக் குடுப்பேன், பாய்?” என்றாள் குப்பம்மா. “ரெண்டு வருசம் முன்ன பொண்ணு கேக்க வந்தான். எப்படி வந்தான் தெரியுமா? கடல்லேர்ந்து நேரா. கோவணம். தண்ணி சொட்டுது. கையில ஒரு வஞ்சிரம். ‘அத்தே, கோவிந்தம்மாவை எனக்குக் குடு’ங்கறான். பத்துப் பேரு பார்த்துகினு கீறாங்க. மீனு பேரம் பேச அப்படி வரலாம். என் பொண்ணு இன்னா மீனா? கூடையாலயே அடிச்சுத் தொரத்தினேன்.”

பொன்னுரங்கம் தரையைப் பார்த்தான்.

“இந்தப் பொண்ணு வேற எவனையும் ஒத்துக்கல. ரோதனை தாங்கல. இன்னிக்குக் கரைக்குப் போனது சரின்னு சொல்றதுக்கு இல்ல. பங்குனி போவட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லத்தான் போனேன்.” குப்பம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “கூடை இல்லாம நிக்கிறேன். அவ்ளோ தூரத்துலேர்ந்து என்னைப் பார்த்துட்டான். வலைய வுட்டுட்டான். நடுக்கடல்ல நின்னுகினு ஒவ்வொரு பொத்தானா போடறான். அலை தூக்கித் தூக்கிப் போடுது, இவன் பொத்தான் போடறான். அதைப் பார்த்தப்புறம் பங்குனின்னு எப்படிச் சொல்ல? பெரியவங்க வாய்ல வந்தப்புறம்தான் ஊருக்குத் தெரியணும்னு இவன் தங்கச்சிகிட்டக்கூட சத்தியம் வாங்கிகினு வந்தேன்.”

ராசையா கையிலிருந்த குடையின் பிடியை மும்முரமாக ஆராய்ந்தான். கண்ணில் ஏதோ உப்பு.

மாரியப்பன் தொண்டையைக் கனைத்தார். “எல்லாம் சரி. வயசுக்கு வந்த தங்கச்சிய வூட்ல வெச்சிகினு அண்ணங்காரன் மொதல்ல கல்யாணம் கட்டிக்கலாமா? அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

“அது முடிஞ்சுது, பெரியப்பா,” என்றான் பொன்னுரங்கம். “மாப்பிள்ளை தோ குடைய வெச்சிகினு குந்திகினு கீறாரு.”

எட்டுப் பேரும் ராசையாவைப் பார்த்தார்கள். ராசையா தன் பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது.

“இன்னா தம்பி, நெசமா?” என்றார் மாரியப்பன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ராசையாவுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. சாயபு மடியிலிருந்து ஒரு வேர்க்கடலையை எடுத்து உடைத்தார். “வெட்கப்படுறான்,” என்றார்.

*

அவர்கள் ராயபுரம் திரும்பியபோது ஆப்பக்கடையில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள் நீலா. ஏட்டையா வெற்றிலை மென்றுகொண்டே, “கட்டுமரத்தை யாரும் தொடக்கூடாதுன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்,” என்று ஸ்டேஷன் பக்கம் போனார். சாயபு சந்து முனையிலேயே குடையை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டார். வானத்தில் மழைக்கு அறிகுறியே இல்லை.

ராசையா போய் அடுப்புக்கு எதிரே நின்றான். வழியெல்லாம் நாலு ஜோக் தயார் செய்து வைத்திருந்தான். நாலும் நல்ல ஜோக். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொன்றாக இறங்கிப் போய்விட்டன. அடிக்கிற காற்றில் மேல்துணி இல்லாமல் நிற்பது போல இருந்தது.

“உங்க அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல. பொண்ணு குடுத்துட்டாங்க.”

“தெரியும். இப்பதான் ஆள் வந்து சொல்லிட்டுப் போச்சு.”

“காலைல என் வாயால அவனை மாட்டி வெச்சேன். தப்பு என்னுது.”

நீலா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள்.

“அங்க எல்லார் எதிர்லயும் உங்க அண்ணன் ஒண்ணு சொன்னான். அது அவன் பேச்சா, உன் பேச்சா?”

“நனைஞ்சிகினு இங்க வந்து நின்னான். ‘உன்னைப் பத்திக் கேட்டா இன்னா சொல்லட்டும்’னு கேட்டான். சொல்லி அனுப்பினேன்.” அவள் கரண்டியைத் துடைத்தாள். “கரையிலேர்ந்து நேரா இங்க வந்திருந்தா உன் காதாலயே கேட்டிருப்பே. நீ டீக்கடைக்கு ஓடிட்டே, கதை சொல்ல.”

ராசையாவின் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“நீலா, என்னைக் கட்டிக்கிறியா?”

அவள் கை தேங்காய்ப்பால் சட்டியின் மூடிக்குப் போனது. மூன்று வருஷப் பழக்கம். கை மூடியின்மேல் சற்று நேரம் இருந்தது. பிறகு மூடியை நன்றாக அழுத்தி மூடிவிட்டு, அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“கட்டிக்கிறேன்,” என்றாள்.